தனக்குச் செய்வதும் பிறர்க்குச் செய்வதும்

மனிதன் வயிற்றுக்காகச் செய்யும் வேலை ஒன்று. மனத்துக்காகச் செய்யும் வேலை மற்றொன்று. பெரும்பாலோருக்கு இவ்விரண்டும் வேறு வேறாகவே இருந்துவிடுகின்றன. பகலெல்லாம் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவர் மாலையில் வீட்டுக் கொல்லையில் ரோஜாப் பதியன் போடுகிறார். தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிறவர் இரவில் வீணையை எடுத்து வைத்துக்கொள்கிறார். மனத்துக்குப் பிடித்த வேலையே சோறும் போடுமானால் அதைவிட வேறு பாக்கியம் உண்டோ என்று இவர்களில் ஒவ்வொருவரும் ஒருநாளேனும் எண்ணிப் பார்த்திருப்பார்கள். அந்த எண்ணத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். பொதுவாகப் பேசினால் பேச்சு காற்றில் மிதக்கும். ஆகவே ஒரே ஒரு பொழுதுபோக்கை எடுத்துக்கொள்கிறேன். பாதையில்லாத காட்டிலும் மேட்டிலும் மணலிலும் செல்லத்தக்கவாறு ஜீப்புகளையும் சிறு லாரிகளையும் தம் கையாலேயே மாற்றியமைக்கும் பொழுதுபோக்குத்தான் அது.

பள்ளிக்கூட வாத்தியாருக்கும் மோட்டார் பட்டறைக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். கணிதமும் விஞ்ஞானமும் போதித்தவன் நான். எழுதுகோல் பிடிக்கும்போது திணறிய எத்தனையோ பிள்ளைகள், திருப்புளியைக் கையில் கொடுத்தவுடன் மலர்ந்ததைக் கண்டிருக்கிறேன். அப்பிள்ளைகள் வளர்ந்த பின் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “ஐயா, இதை வைத்துப் பிழைக்க முடியுமா?” இந்தக் கேள்விக்கு ஆசிரியன் விடை தேடாவிட்டால் வேறு யார் தேடுவார்?

முதலில் இந்தக் கைவேலை எதற்காக ஏற்பட்டது என்று பார்ப்போம். தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் வண்டி சராசரி மனிதனுக்காகச் செய்யப்பட்டது. நல்ல சாலையில் நான்கு பேர் ஏறிச் செல்ல அது போதும். ஆனால் ஓடையைக் கடப்பவனுக்கு அதன் உயரம் போதாது. பாறை மேல் ஏறுபவனுக்கு அதன் முன்தடுப்பு தாங்காது. மணலில் ஓட்டுபவனுக்கு அதன் டயர் புதைந்துபோகும். இந்தக் குறைகளை ஒவ்வொன்றாக நீக்க முயல்வதே இக்கலையின் பிறப்பு.

மணலில் டயர் ஏன் புதைகிறது என்பதற்கு ஒரு சிறு கணக்குச் சொல்கிறேன். ஒரு வண்டியின் எடை 4,400 பவுண்டு, அதாவது சுமார் 2,000 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சக்கரத்தின் மேல் 1,100 பவுண்டு விழுகிறது. டயரில் காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு என்றால், டயர் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய 37 சதுர அங்குலம். காற்றைக் குறைத்து அழுத்தத்தை 10 பவுண்டாக்கினால், அதே டயர் ஏறக்குறைய 110 சதுர அங்குலம் படர்ந்து நிற்கும். ஒட்டகத்தின் பாதம் அகலமாயிருப்பதன் காரணமும் இதுவே. நிற்க. இப்படிப்பட்ட சிறு சிறு உண்மைகளைக் கையால் தொட்டு அறிவதில் ஓர் இன்பம் இருக்கிறது. அந்த இன்பம்தான் இளைஞர்களைப் பட்டறைக்கு இழுக்கிறது.

இக்கலைக்குத் தாய்வீடு அமெரிக்கா. 1940இல் அந்நாட்டு ராணுவம் நான்கு சக்கரங்களும் இழுக்கும் சிறு வண்டியொன்று வேண்டுமெனக் கேட்டது. பென்ஸில்வேனியா மாநிலத்தில் இருந்த பேன்டம் என்னும் சிறிய கம்பெனி, 49 நாள் கெடுவுக்குள் முதல் மாதிரியைச் செய்து கொடுத்தது. அதன் வழிவந்ததே ஜீப். யுத்தம் முடிவதற்குள் வில்லிஸ் கம்பெனியும் ஃபோர்டு கம்பெனியும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன. நம் நாட்டிலும் மகீந்திரா கம்பெனி 1947 முதல் வில்லிஸ் ஜீப்புகளைப் பம்பாயில் பூட்டத் தொடங்கியது. மலைத் தோட்டங்களில் இன்றும் ஜீப் என்னும் பெயர் அன்றாடப் பேச்சில் வழங்குவதற்கு அதுவே தொடக்கம்.

யுத்தம் முடிந்தபின் உபரி ஜீப்புகள் மலிவாகக் கிடைத்தன. உழவர்களும் வேட்டைக்காரர்களும் அவற்றை வாங்கினார்கள். அப்போது ஒரு தொல்லை தெரியவந்தது. நல்ல சாலையில் முன்சக்கரங்களுக்கு யந்திர விசை தேவையில்லை. ஆனாலும் அச்சக்கரங்கள் சுழலும்போது அவற்றோடு பிணைந்த தண்டுகளும் பற்சக்கரங்களும் வீணே சுழன்று தேய்ந்தன. பெட்ரோலும் கூடுதலாகச் செலவாயிற்று. வாஷிங்டன் மாநிலத்தில் ஸியாட்டில் நகரத்தை ஒட்டி வாழ்ந்த ஆர்தர் வார்ன் என்பவர், தம் மனைவி ஸேடியுடன் 1948இல் ஒரு சிறு தொழிலைத் தொடங்கினார். முன்சக்கரத்தின் குடத்தில் ஒரு பூட்டு அமைத்தார். வேண்டும்போது அதைத் திருகினால் சக்கரம் தண்டோடு இணையும். வேண்டாதபோது விலகி நிற்கும். கைக்குள் அடங்கும் பொருள்தான். ஆயினும் வார்ன் என்னும் பெயர் இன்றும் அந்தத் தொழிலில் நிலைத்திருக்கிறது. சேற்றில் சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச் என்றாலே அப்பெயரைச் சொல்வோர் பலர்.

அடுத்து, மிஸ்ஸூரி மாநிலத்தின் ஸெயின்ட் லூயிஸ் வட்டாரத்துக்கு வருவோம். அங்கே கட்டட வேலை செய்துவந்த பாப் சாண்ட்லர் என்பவர் 1974ஆம் ஆண்டு மாடல் ஃபோர்டு லாரியொன்றை வைத்திருந்தார். ஓய்வு நாள்களில் அதைக் காடுமேடுகளில் ஓட்டுவார். அடிக்கடி ஏதாவது உடையும். உடைந்ததற்கு மாற்று உறுப்பு வாங்கலாமென்றால் அவ்வட்டாரத்தில் கிடைப்பதில்லை. தமக்குள்ள தொல்லை தம்மைப் போன்ற பிறருக்கும் இருக்குமல்லவா என்று எண்ணினார். மனைவியோடும் ஒரு நண்பரோடும் சேர்ந்து 1970களின் நடுவில் நான்கு சக்கர வண்டிகளுக்கான உறுப்புக் கடையும் பட்டறையும் திறந்தார். தம் லாரியில் மேன்மேலும் பெரிய டயர்களைப் பூட்டினார். பெரிய டயருக்காகப் பலமான அச்சு, பலமான அச்சுக்காகப் பலமான யந்திரம் என்று அது வளர்ந்துகொண்டே போயிற்று. “பிக்ஃபுட்” என்று பெயர் பெற்ற அந்த லாரி கடைக்கு நடமாடும் விளம்பரமாயிற்று. 1979இல் டென்வர் நகரத்துக் கண்காட்சியில் பணம் பெற்றுக்கொண்டு அதைக் காட்டினார். 1981இல் ஒரு வயலில் பழைய கார்களின்மேல் அதை ஏற்றி நசுக்கிப் பார்த்தார். 1982இல் மிச்சிகன் மாநிலத்துப் போண்டியாக் நகர விளையாட்டரங்கில் பெருங்கூட்டத்தின் முன்னே அதே வித்தையைச் செய்தார். ராட்சத லாரி விளையாட்டு என்னும் பெரிய கேளிக்கைத் தொழில் அதிலிருந்து கிளைத்தது.

மூன்றாவது உதாரணம் ஆஸ்திரேலியாவில் உள்ளது. மெல்போர்ன் நகரத்து டோனி பிரவுன் என்னும் இளைஞர் அந்நாட்டின் வடகோடிப் பகுதிகளில் நெடும் பிரயாணம் செய்தார். அங்கே கங்காரு குறுக்கே பாயும். சாலை அரித்துக் கிடக்கும். வண்டிகளின் முன்னே கட்டியிருந்த காப்புச் சட்டங்களும், கூரைமேல் சுமை ஏற்றும் சட்டங்களும் அந்தக் குலுக்கலுக்குத் தாங்காமல் விட்டுப்போவதைக் கண்டார். ஊர் திரும்பியதும் பெற்றோரின் வண்டிக் கொட்டகையில் பற்றவைப்புக் கருவியை எடுத்துக்கொண்டு, உறுதியான சட்டங்களைச் செய்யத் தொடங்கினார். அது 1975ஆம் ஆண்டு. தம் முழுப்பெயரின் மூன்று முதலெழுத்துக்களையே கம்பெனிக்குப் பெயராக வைத்தார்: ஏ.ஆர்.பி. 1987இல் அக்கம்பெனி பங்குச் சந்தையில் இடம்பெற்றது. இன்று உலகின் பல நாடுகளில் அதன் சரக்கு விலையாகிறது.

இம்மூவரையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். மூவரும் பொழுதுபோக்கிலோ சொந்தத் தேவையிலோ இருந்து புறப்பட்டவர்கள். ஆனால் “எனக்கு இது பிடிக்கும்” என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. “இந்தக் குறை பிறருக்கும் இருக்கிறது, அதற்கு விடை என்னிடம் இருக்கிறது” என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. மூவருக்கும் பிழைப்பைக் கொடுத்தது ஒரு முழு வண்டியன்று. ஒரு பூட்டு, ஒரு கடை, ஒரு சட்டம். முழு வண்டியை ஒருவருக்குச் செய்து முடிக்க மாதங்கள் ஆகும். அடுத்தவர் வந்து வேறுவிதமாகக் கேட்பார். சிறு உறுப்பொன்றை ஒருமுறை சரியாகச் செய்யக் கற்றால் அதையே நூறுமுறை செய்யலாம். நூறாவது முதலாவதைவிட நன்றாகவும் விரைவாகவும் அமையும்.

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். கலிபோர்னியாக் கடற்கரையில் புரூஸ் மேயர்ஸ் என்று ஒருவர் இருந்தார். இரண்டாம் உலக யுத்தத்தில் கடற்படையில் பணி செய்தவர். கடலலைமேல் பலகையில் சறுக்கி விளையாடுவதில் பெரும் பிரியம் உடையவர். கண்ணாடி நாரைக் கொண்டு படகு கட்டும் கலை கைவந்தவர். மணல் மேடுகளில் ஓட்ட அழகான இலகுவான வண்டியொன்று வேண்டுமென்று, 1964இல் வோக்ஸ்வாகன் காரின் யந்திர உறுப்புகளை வைத்துப் படகு போன்ற உடல் ஒன்றைக் கண்ணாடி நாரால் வார்த்தார். 1967இல் அவரும் ஒரு நண்பரும் அந்தச் சிவப்பு வண்டியில் மெக்ஸிக்கோ நாட்டின் பாஹா தீபகற்பத்தை லா பாஸிலிருந்து டிஹுவானா வரை 35 மணிக்கும் குறைந்த நேரத்தில் கடந்து, மோட்டார் சைக்கிளில் சென்றோரின் சாதனையை முறியடித்தார்கள். செய்தி பரவியதும் வண்டிக்கு ஆர்டர்கள் குவிந்தன.

அதே வேகத்தில் நகல் செய்வோரும் கிளம்பினார்கள். ஒரு வண்டியை விலைக்கு வாங்கி, அதையே அச்சாக வைத்து வார்த்தால் உடல் தயார்! மேயர்ஸ் தம் கண்டுபிடிப்பு உரிமையைக் காக்க வழக்குத் தொடுத்தார், நீதிமன்றத்தில் தோற்றார். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டி உடல்களைச் செய்து விற்ற அவருடைய கம்பெனி 1971இல் மூடப்பட்டது. நகல்களோ உலகெங்கும் பல மடங்கு பெருகின. காலம் பிற்பாடு அவருக்கு மரியாதை செய்தது. அந்த முதற் சிவப்பு வண்டி 2014இல் அமெரிக்காவின் வரலாற்றுச் சிறப்புடைய வண்டிகளின் பதிவேட்டில் இடம்பெற்றது. அவர் 2021இல் 94ஆம் வயதில் காலமானார். ஆயினும் தொழில் நடந்த காலத்தில் பலனை அதிகமாக உண்டவர்கள் பிறரே. வடிவத்தைப் பார்த்த மாத்திரத்தில் எவரும் செய்துவிடக்கூடிய பொருளை நம்பித் தொழில் தொடங்குகிறவன், இக்கதையை நினைவில் வைக்கவேண்டும். நகல் செய்ய முடியாதவை இரண்டே: செய்நேர்த்தியும் சொன்ன சொல்லும்.

இனிக் கணக்குக்கு வருவோம். என்னிடம் படித்த மாணவர் ஒருவர் ஒரு தொழிற்சாலையில் நிலையான வேலையில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களின் ஜீப்புகளுக்குக் காப்புச் சட்டம், பக்கவாட்டுப் படி முதலியன செய்து தருகிறார். வேலைப்பாட்டை நானே பார்த்திருக்கிறேன். பற்றவைத்த தையல், மீனின் முதுகெலும்பு போல ஒரே சீராக இருக்கும். அவர் சென்ற தைப்பொங்கலுக்கு வந்தபோது, “ஐயா, வேலையை விட்டுவிட்டுச் சொந்தப் பட்டறை வைக்கலாமென்று இருக்கிறேன். தாயார் பெயரிலுள்ள இரண்டு ஏக்கரை அடமானம் வைத்தால் முதல் கிடைக்கும்” என்றார். தாயாருக்கு அந்த நிலத்தின் வருமானம் ஒன்றுதான் ஆதாரம் என்பது எனக்குத் தெரியும். “ஒரு படி செய்ய என்ன ஆகிறது, தம்பி? காகிதத்தில் எழுது” என்றேன்.

எழுதினார். இரும்புக்கு 8,000 ரூபாய்; பற்றவைப்புக் கம்பி, வர்ணம், திருகாணிகளுக்கு 2,000; விற்பது 15,000; லாபம் 5,000. “உன் கூலி எங்கே?” என்று கேட்டேன். அவர் திகைத்தார். “ஞாயிற்றுக்கிழமைதானே, ஐயா” என்றார். ஒரு ஜோடிப் படிக்கு 40 மணி நேரம் ஆகிறதாம். மணிக்கு 150 ரூபாய் வைத்தாலும் 6,000 ஆயிற்று. லாபம் போய் ஆயிரம் ரூபாய் நஷ்டம் வந்துவிட்டது. இன்னும் இட வாடகை, மின்சாரம், கருவித் தேய்மானம், வரி, வீணாகும் இரும்பு, பணம் தராமல் இழுத்தடிக்கும் வாடிக்கைக்காரர், வேலையே வராத மழைக்காலம் ஆகியவற்றை அவர் எழுதவேயில்லை. பொழுதுபோக்குக்குக் கூலி கிடையாது. அதன் இன்பமே கூலி. தொழிலில் அந்தச் சலுகை இல்லை. ஞாயிற்றுக்கிழமையை இலவசமாகக் கணக்கிட்டு நிர்ணயித்த விலையைத் திங்கட்கிழமைக்குக் கொண்டுபோனால் பட்டறை நிலைக்காது. 40 மணி வேலையை அளவுச் சட்டம் அமைத்து 15 மணியாக்கும் வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். அல்லது விலையை உயர்த்தி, அந்த விலைக்கு வாங்குவோர் உண்டா என்று பார்க்க வேண்டும்.

பணக் கணக்காவது திருத்திக்கொள்ளக்கூடியது. அதைவிடக் கனமான கணக்கு ஒன்று உண்டு. தனக்கு ஒரு வண்டியை மாற்றிக்கொள்பவன் அதன் குணத்தை அறிவான். எந்த வளைவில் அது சாயும், எந்த வேகத்தில் நடுங்கும் என்பது அவனுக்குக் கைப்பாடம். பிறருக்குச் செய்து கொடுக்கும் வண்டியில் அந்தப் பிறருடைய மனைவியும் குழந்தைகளும் ஏறுகிறார்கள். அவர்களுக்கு அந்தக் குணம் தெரியாது.

ஒரே ஒரு மாற்றம் எத்தனை மாற்றங்களைக் கொண்டுவருகிறது பாருங்கள். 28 அங்குல விட்டமுள்ள டயருக்குப் பதிலாக 33 அங்குல டயர் பூட்டுகிறோம். சக்கரம் ஒருமுறை சுற்றினால் முன்னைவிட நூற்றுக்கு 18 பங்கு அதிக தூரம் போகும். வேகமானியோ பழைய கணக்கிலேயே காட்டும். முள் 60இல் நிற்கும்போது வண்டி ஏறக்குறைய 71 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். யந்திரத்துக்கு இழுவை குறையும். அதைச் சரிசெய்யக் கியர் விகிதத்தை மாற்றவேண்டும். பெரிய சக்கரத்தை நிறுத்த அதிக பலம் தேவை. பழைய பிரேக் திணறும். ஸ்டியரிங் மூட்டுகள் அதிகச் சுமையால் விரைவில் தேயும்.

உயரத்தைக் கூட்டினால் இன்னும் ஆபத்து. இடதுவலது சக்கரங்களுக்கு இடைவெளி 150 சென்டிமீட்டர், எடைமையத்தின் உயரம் 70 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இடைவெளியை உயரத்தின் இருமடங்கால் வகுத்தால் 1.07 வரும். இந்த எண் பெரிதாக இருக்குமளவும் வண்டி கவிழாமல் நிற்கும். எடைமையம் 10 சென்டிமீட்டர் உயர்ந்தால் எண் 0.94 ஆகக் குறைகிறது. கண்ணுக்குக் கம்பீரமாகத் தோன்றும் அந்தப் பத்துச் சென்டிமீட்டர், அவசரமாகத் திருப்பும் ஒரு கணத்தில் உயிருக்கு உலை வைக்கலாம். ஆகவே ஒன்றை மாற்றுபவன் அதோடு பிணைந்த ஐந்தையும் மாற்றத் தெரிந்தவனாக இருக்கவேண்டும். ஐந்துக்கும் காசு தர வாடிக்கைக்காரர் மறுத்தால், அந்த ஒன்றையும் செய்ய மறுக்கும் நெஞ்சுரம் வேண்டும். வருகிற பணத்தை வேண்டாமென்று சொல்லக் கற்றவனே இத்தொழிலுக்கு உரியவன் என்பது என் கருத்து.

சட்டமும் இதை ஒட்டியே பேசுகிறது. நம் நாட்டில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2017 டிசம்பரில் மத்திய அரசு, கார்களின் முன்னே பூட்டும் இரும்புக் காப்புச் சட்டங்களின் மீது நடவடிக்கை எடுக்குமாறு மாநிலங்களுக்கு எழுதியது. நடந்து செல்வோர்மேல் மோதும்போது அந்த இரும்பு கொலைக் கருவியாகிறது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் 52ஆம் பிரிவின் கண்டிப்பை உறுதி செய்தது. அதே ஆண்டில் வந்த திருத்தச் சட்டம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ வண்டி உரிமையாளருக்கு விதிக்கலாம் என்கிறது. ஆஸ்திரேலியக் கங்காருவுக்காகப் பிறந்த சட்டத்தை நம் கடைத்தெருவில் மாட்டிக்கொண்டு திரிவதற்கு நியாயமும் இல்லை. சட்டமும் இடம் தரவில்லை. வெளிநாட்டில் வென்ற வியாபாரத்தை அப்படியே இங்கே நட்டால் வேர் பிடிக்காது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அப்படியானால் இக்கலை கற்ற கைகளுக்கு இங்கே வேலையில்லையா? உண்டு. 2021இல் வந்த விதிகளின்படி, 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, மூல வடிவம் மாறாத பழைய வண்டிகளுக்குத் தனிப் பதிவு கிடைக்கிறது. பழைய வில்லிஸ் ஜீப்பை அதன் பிறந்த மேனிக்கே திருப்பிக் கொண்டுவருவது மாற்றியமைப்பதைவிடக் கடினமான, மரியாதைக்குரிய வேலை. கைகால் இயக்கக் குறைபாடு உடையவர்கள் தாமே ஓட்டத்தக்கவாறு வண்டிகளைத் திருத்தியமைக்கச் சட்டமே முறையான வழி வைத்திருக்கிறது; நுட்பமறிந்த கைகள் அங்கே தேவை. பதிவு விவரத்தைத் தொடாத பொருள்களும் உண்டு: சிக்கிய வண்டியை மீட்கும் பட்டை, கொக்கி, மணலில் சக்கரத்தின் அடியில் இடும் பலகை, சாமான் கட்டும் பெட்டி, இரும்பு துருப்பிடிக்காமல் காக்கும் வேலை. இவையெல்லாம் படத்தில் பளபளக்காதவை. ஆனால் ஆர்தர் வார்னின் பூட்டும் பளபளக்கவில்லை.

என் மாணவருக்கு நான் மூன்று நிபந்தனைகள் சொன்னேன். தாயாரின் நிலத்தைத் தொடாதே. தோற்றால் நீ மட்டும் தோற்கவேண்டும் என்பது முதலாவது. உத்தியோகத்தில் இருந்துகொண்டே, சட்டத்துக்கு உட்பட்ட ஒரே ஒரு பொருளைத் தேர்ந்து, நண்பர் அல்லாதவர் இருபது பேருக்கு, கூலி முழுவதும் சேர்த்த விலைக்கு விற்றுக் காட்டு என்பது இரண்டாவது. நண்பர்களின் பாராட்டில் பாசம் கலந்திருக்கும்; முகமறியாதவர் பையிலிருந்து எடுத்து வைக்கும் பணத்தில் கலப்படம் கிடையாது. செய்த ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, யாருக்கு எந்தத் தேதியில் கொடுத்தாய், பிற்பாடு அதில் என்ன குறை வந்தது என்று ஏட்டில் எழுதிவை என்பது மூன்றாவது. அந்த ஏடே உனக்குக் கல்லூரி என்றேன்.

அவர் முகம் சற்று வாடியது உண்மை. “உற்சாகப்படுத்துவீர்கள் என்று வந்தேன், ஐயா” என்றார். உற்சாகப்படுத்துவது எளிது, கைதட்டினால் போதும். கடன் வந்து கதவைத் தட்டும் நாளில் கைதட்டியவர்கள் யாரும் அங்கே இருப்பதில்லை. இப்போது அவர் இரண்டாவது நிபந்தனையில் இருக்கிறார்; இதுவரை பதினொருவர் வாங்கியிருக்கிறார்கள். மற்ற ஒன்பது பேர் வருவார்களா என்பது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. நிலம் பத்திரமாக இருக்கிறது.

ஆசையைத் தொழிலாக்கினால் ஆசை செத்துவிடாதா என்று கேட்பவர்களும் உண்டு. சாகக்கூடும். நாள்தோறும் பிறருடைய சேறு படிந்த வண்டியின் அடியில் படுத்துக் கிடப்பவனுக்கு, தன் வண்டியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போக ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட மிஞ்சாமல் போகலாம். ஆகவே பொழுதுபோக்கைப் பொழுதுபோக்காகவே வைத்துக்கொண்டு, உத்தியோகத்தால் பிழைத்து, மனநிறைவோடு வாழ்பவனை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். அவனும் ஒரு நல்ல முடிவைத்தான் எடுத்திருக்கிறான். தனக்காகச் செய்வதில் மட்டும் இன்பம் காண்பவன் தொழிலுக்கு வரவேண்டியதில்லை. முன்பின் தெரியாத ஒருவர் நடுக்காட்டில், நள்ளிரவில், நாம் செய்த பொருளை நம்பிப் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தார் என்று கேட்டு மகிழ்பவன் வரலாம்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோர்களுக்கு ஒரு சொல். உங்கள் பிள்ளை வீட்டுச் சைக்கிளைப் பிரித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் திட்டாதீர்கள். மீண்டும் பூட்டாமல் எழுந்திருந்தால் திட்டுங்கள். பூட்டி முடித்ததும் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, எத்தனை மணி ஆயிற்று, எதற்கு என்ன செலவாயிற்று என்று எழுதச் சொல்லுங்கள். பிறகு பக்கத்து வீட்டுச் சைக்கிளைப் பார்க்கச் சொல்லுங்கள். தன் சைக்கிளில் காட்டாத கவனத்தைப் பிறர் சைக்கிளில் காட்டுகிறானா என்று மட்டும் அருகிலிருந்து கவனியுங்கள். காட்டினால், அந்தப் பிள்ளையின் கையில் ஒரு தொழில் இருக்கிறது.